தறியை நிறுத்திவிட்டுப் பேசியது

எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். குழாயடியில் யாராவது முறை தவறிக் குடத்தை வைத்துவிட்டால், நான் கேட்கிற கேள்வி மூன்றாவது தெருவில் போய் விழும். அதனால்தான் தெருவில் உள்ளவர்கள் கூடிப் பேசி, ராஜபாளையத்தில் நடந்த விசாரணைக்கு என்னைப் பேச அனுப்பினார்கள். வாய் நீளமாக இருப்பதும் மைக் முன்னால் நின்று பேசுவதும் வேறு வேறு சங்கதி என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணிதான் எங்கள் பிழைப்பு. தெருக்கோடியில் இருக்கிற எங்கள் வீட்டில் நான்கு தறி. முன்னால் இரண்டு அறையில் நாங்கள் குடியிருக்கிறோம், பின்னால் ஓட்டுக்கூரை போட்ட செட்டில் தறிகள். செட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பருத்திக்காடாகத்தான் கிடந்தது. அதைப் பிளாட் போட்டு விற்றார்கள், வீடுகள் வந்தன. குடிவந்தவர்கள் முதல் வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு மனு எழுதிக் கொடுத்தார்கள். இரவும் பகலும் தறி ஓடுகிறது, தூங்க முடியவில்லை, பிள்ளைகள் படிக்க முடியவில்லை, குடியிருப்புப் பகுதியிலிருந்து தறிகளை எடுக்க உத்தரவிட வேண்டும் என்று மனு.

எடுத்து எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊருக்கு வெளியே இடம் வாங்கிச் செட் போடுகிற வசதி எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து தறியைப் பார்க்கிற பிழைப்பு எங்களுடையது. தறி வீட்டை விட்டுப் போனால் பெண்கள் மில்லுக்கும் ஆண்கள் திருப்பூருக்கும் போக வேண்டியதுதான், தெருவைப் பூட்டிவிடலாம்.

மனுவை எழுதியவர் எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பெரிய வாத்தியார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பட்டிமன்றம், பள்ளி ஆண்டு விழா, கல்யாண வாழ்த்து என்று காலமெல்லாம் மேடையில் நின்றவர். அவர் வாழ்த்த ஆரம்பித்தால் பந்திக்கு ஓடுகிறவன்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். அவரை எதிர்த்துத்தான் நான் பேச வேண்டும்.

பழகாமல் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வாரம் வீட்டில் பேசிப் பழகினேன். தறிகள் ஓட, நடுவில் நான் நிற்க, என் வீட்டுக்காரர் எதிரில் நின்று கேட்டார். தறியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் பேசியதெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலேதான். நூல் அறுந்தால் இரண்டு விரலை விரித்துக் காட்டுவோம், சாப்பிட வரச் சொல்ல வாய்க்கு நேரே கையைக் கொண்டுபோவோம். மற்ற எல்லாவற்றுக்கும் தொண்டைதான். நான் கத்திக்கொண்டே பேசினேன், அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பிரமாதம். வாத்தியாரு அம்புட்டுத்தான்" என்றார்.

ராஜபாளையத்தில் ஓர் அலுவலகத்தின் மாடியில் கூட்டம். ஜன்னல்களைச் சாத்தி ஏசி போட்டிருந்தார்கள். பெரிய வாத்தியார் முதலில் எழுந்து, எல்லோரையும் அவர்களே அவர்களே என்று வரிசையாக விளித்து, வெண்ணெயில் கத்தி போவது மாதிரி பேசிவிட்டு உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் போய் நின்றதும் முதலில் என்னை அடித்தது அந்த அறையின் அமைதிதான். நாற்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எதற்கு மேலே பேசுவது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், பழகிய குரல் பழகியபடியே வந்தது.

"அய்யாமாரே, அம்மாமாரே" என்றேன். என்றேன் என்று எழுதுவது தவறு, கத்தினேன். ஸ்பீக்கர் வீலென்று அலறியது. அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தண்ணீர் கொண்டுவந்தவர் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். பெரிய வாத்தியார் மெதுவாக எழுந்து கை கூப்பினார்.

"ஐயா, எங்கள் மனுவுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை."

அறை முழுக்கச் சிரித்தது. எங்கள் தெருக்காரர்களும் சிரித்தார்கள், அதை நான் பார்த்தேன். படித்து வைத்திருந்தது எல்லாம் ஒரே நொடியில் மறந்துபோனது. தொண்டையைக் கனைத்தேன், அதுவும் மைக்கில் கேட்டது, மறுபடி சிரித்தார்கள். நான் மைக்கை விட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரிய அதிகாரி கேட்பார், தரப்புக்கு ஒருவர் ஐந்து நிமிஷம் பேசலாம், அன்றைக்கே முடிவு என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள்.

அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் புலி, வெளியில் எலி என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று தெருவில் சொல்லிப் பார்த்தேன். யாரும் முன்வரவில்லை. சிரிப்பதற்கு எல்லோரும் வந்தார்கள், பேசுவதற்கு ஓர் ஆளும் இல்லை. அந்தக் கோபத்தில்தான், சரி, நானே போகிறேன் என்றேன்.

என் மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ராஜபாளையம் கூட்டத்தன்றைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து, நான் பேசியதைப் போனில் பதிவு செய்திருந்தாள்.

"யம்மா, கோவப்படாம கேளு" என்று சொல்லிவிட்டு, முன்னறையில் கதவைச் சாத்தி, அதை என் காதில் வைத்தாள்.

கேட்டேன். யாரோ சண்டைக்காரி கத்துகிற மாதிரி இருந்தது. அது நான்தான் என்று நம்பவே சில நொடி ஆனது. இத்தனை வருஷமாக இந்தக் குரலிலா என் பிள்ளையைத் தூங்க வைத்தேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தறிய நிறுத்திட்டுப் பேசிப் பழகணும்மா. சாயங்காலம் நான் காலேஜ் பஸ்ல வந்து எறங்குனதும் அர மணி நேரம். நாலு தறியையும்" என்றாள்.

சொல்வது சுலபம். எங்கள் தெருவில் கரண்ட் போனால் எல்லா வீட்டுத் தறியும் நிற்கும், ஆயுத பூஜைக்கு நிற்கும். மற்றபடி ஒரு வீட்டில் மட்டும் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். முதல் நாள் நாங்கள் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர்வீட்டுப் பெண் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்தாள், பின்னால் நாலைந்து பேர். ஒருத்தி வாசலிலேயே மாரில் கை வைத்துவிட்டாள்.

"யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒன்னுமில்ல. நான் பேசிப் பழகுதேன்" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு, செத்தே போயிருக்கலாம் போல இருந்தது. ஒருத்தி போகிற போக்கில், "இதுக்குப் போயா தறிய நிறுத்துவாக" என்று முனகிக்கொண்டு போனாள். நான் பதிலுக்கு ஒன்று சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

அவர்கள் போன பிறகு செட்டுக்குள் போய் நின்றேன். மற்ற வீட்டுத் தறிகள் எங்கோ தூரத்தில் முனகின, காதுக்குள் ஙொய் என்று ஓர் இரைச்சல் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கி, ஓட்டின் மேல் அணில் ஓடுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது. இருபது வருஷம் வேலை பார்த்த இடம், அங்கே இப்படியெல்லாம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியம் பேசினேன், கத்தலாக வந்தது. குரலை இறக்கினேன், காற்றாக வந்தது. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் பேசுகிற குரல் ஒன்று இருக்குமே, அது என்னிடம் இல்லை. முதல் இரண்டு நாளும் அதைத் தேடுவதிலேயே போனது.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரர் செட்டின் மறு கோடியில், நூல் மூட்டை மேல் எனக்கு எதிராக உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க அம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கிய. கூட்டத்துல கடைசி ஆளுக்கு மூஞ்சி தெரியாதுல்லா. சுவரப் பாத்துத் திரும்பி உக்காருங்க" என்றாள் மகள்.

"அதெல்லாம் எதுக்கு?" என்றார். விடவில்லை அவள், தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தாள்.

நான் முதல் நான்கு வாக்கியத்தைச் சொன்னேன். "இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் அசையவில்லை. மறுபடி கேட்டேன். மகள் போய் அவர் தோளைத் தொட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்து, "ம், ஆரம்பி. இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

எங்கள் இருவருக்கும் புரிந்துபோனது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அழுகை பிறகுதான் வந்தது.

"அப்ப அன்னைக்குப் பிரமாதம்னு சொன்னியளே?"

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். பிரமாதமாத்தான இருந்துச்சு" என்றார்.

"எத்தன வருசமா இப்படி?"

"பத்து இருக்கும். ஒரேயடியாக் கேக்காமப் போயிரல. சத்தம் வரும், சொல்லு வராது." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "வெளிய சொல்லிராத. செவிடன்னு பேரு வச்சிருவானுவ. தெருவுல தலகாட்ட முடியாது."

சொல்ல மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே தறிச் செட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போனது. ஓடுகிற தறிக்கு நடுவில் யாருக்குமே காது கேட்காது, அதில் ஒருத்தருக்கு நிஜமாகவே கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? அன்றைக்கு நான் பேசிப் பழகவில்லை.

மறுநாள் அவரே வந்து மூட்டை மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "பேசு. எனக்குக் கேட்டா ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கேக்கும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையில் பேசக் கற்றுக்கொண்டேன். கத்தினால் அவருக்கு வெறும் இரைச்சலாகத்தான் விழுந்தது. அவசரமாகப் பேசினால் ஒன்றும் விழவில்லை. தறிக்கு நடுவில் பேசிப் பேசி நான் சொற்களின் தலையை மட்டும் சொல்லி வாலை விழுங்கிவிடுகிறேன் என்பதை மகள் கண்டுபிடித்தாள். கடைசி எழுத்து வரை ஒவ்வொரு சொல்லையும் சொல்லி, ஒரு வாக்கியம் முடிந்ததும் மூச்சு விட்டு, பிறகு அடுத்ததைத் தொடங்கினேன். முதலில் அவருக்குப் பத்தில் இரண்டு சொல் கேட்டது. பிறகு நாலு கேட்டது. கேட்காத இடத்தில் நான் குரலை உயர்த்தவில்லை, இன்னும் நிதானமாகச் சொன்னேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நான் ஐந்து நிமிஷப் பேச்சையும் முடித்ததும், அவர் சுவரைப் பார்த்தபடியே முதலிலிருந்து கடைசி வரை திருப்பிச் சொன்னார். என் மகள் கை தட்டினாள். எனக்கோ பிள்ளை பெற்ற அன்று வந்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. அன்றைக்கே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் பேச்சில் ஐந்து சங்கதி இருந்தது. காயத்துக்குக் கட்டுகிற துணி எங்கள் துணி என்பது ஒன்று. வீடுகள் வருவதற்கு முன்பே தறிகள் இருந்தன என்பது இரண்டு. பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை, ஊருக்கு வெளியே போக முடியாது என்பது மூன்று. எங்கள் பிள்ளைகளும் இந்தச் சத்தத்தில்தான் படித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது நான்கு. தெருவே அழிந்துவிடும் என்பது ஐந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் நடந்த இடம் ஒரு நீளமான ஹால். நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அதிகாரி என்று சொன்னார்களே, அவர் முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். எங்கள் தெருக்காரர்கள் முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கடைசி வரிசைக்குப் போனார். அங்கே அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெரிய வாத்தியார் முதலில் எழுந்தார். இந்த முறை யாரையும் விளிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"காயத்துக்குக் கட்டும் துணியை நெய்கிறோம் என்று இவர்கள் சொல்லக்கூடும். காயம் ஆறுவதற்கு உறக்கம் வேண்டாமா?" என்றார். கூட்டம் ஆமோதித்தது. "நாங்கள் முன்பே இருந்தோம் என்று சொல்லக்கூடும். முன்பே வந்த சத்தம் என்பதால் அது சங்கீதமாகிவிடுமா?"

மூன்றாவது பெண்கள் வேலை, நான்காவது பிள்ளைகள் படிப்பு, ஐந்தாவது தெரு அழிவது. நான் வைத்திருந்த அதே வரிசையில், நான் சொல்ல இருந்த அதே சொற்களை எடுத்து எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறியை நிறுத்திவிட்டுப் பேசினால், அணில் ஓடுவதும் தேங்காய் துருவுவதும் இந்தப் பக்கம் கேட்கிறதென்றால், நான் பேசுவது அந்தப் பக்கம் கேட்காதா? சாயங்காலம் அவர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்காருகிற நேரம். பன்னிரண்டு நாள் என் பேச்சை முழுசாகக் கேட்டிருக்கிறார். ஒரு வீட்டுப் பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்பதே தறிக்காரர்களுக்குத் தோன்றாத விஷயம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அவர் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. ஐந்து சங்கதியும் அவர் காலடியில் கிடந்தது.

மைக் முன்னால் போய் நின்றேன். அதே அமைதி. இந்த முறை அது என்னை அடிக்கவில்லை, பன்னிரண்டு நாள் எங்கள் செட்டுக்குள் இருந்த அமைதிதான் அது. மூச்சு விட்டேன். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் தெரிந்தார். அவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

"வாத்தியாரு சொன்னது அம்புட்டும் சரி" என்றேன்.

எங்கள் முன்வரிசை பதறியது. நான் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்ததைச் சொன்னேன்.

"சத்தம் கெடுதல்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் மேடம். அவுக வீட்டுக்குச் சுவரத் தாண்டி வருது. எங்களுக்கு நடுவீட்டுல ஓடுது. என் வீட்டுக்காரர் அந்தா கடைசியில உக்காந்திருக்காரு. அவருக்குக் காது கேக்காது. பத்து வருசமா. எனக்கே ரெண்டு வாரமாத்தான் தெரியும். வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப அத மீறித்தான் சொல்லுதேன்."

நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தாமல், அதே நிதானத்தில் தொடர்ந்தேன்.

"அதனால ராத்திரி தறிய நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்துதோம். வாத்தியாரு தூங்கணும், நாங்களும் தூங்கணும். பின்சுவத்து ஜன்னலச் செங்கல் வச்சு அடைக்கச் சொல்லுங்க, அடைக்கோம். சுவர ஒட்டிக் கெடக்க தறிய இந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்க, போடுதோம். அடியில ரப்பர் வைக்கச் சொல்லுங்க. ஆனா தறிய எடுக்கச் சொல்லாதிய. இம்புட்டு நாளு காதக் குடுத்துத்தான் சோறு தின்னிருக்கோம். இப்பத் தறியவும் எடுத்துட்டா காதும் போச்சு, சோறும் போச்சு."

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"ஐயா, அவங்க சொல்றது உண்மைதானா? உங்களுக்குக் காது கேக்கிறதில்லையா?" என்றார், சற்றுத் தாழ்ந்த குரலில், வேகமாக.

அவருக்கு அது கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைத் தொட்டு எழுப்பினார். எழுந்து நின்று, அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதிகாரி மறுபடி கேட்டார், சத்தமாக. அவர் மறுபடியும் விழித்தார். யாரோ அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினார்கள்.

நான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் வால் வரை சொன்னேன். "ஒங்களுக்குக் காது கேக்குமான்னு மேடம் கேக்காக."

"கேக்காது மேடம்" என்றார் அவர், அந்த நீள ஹாலின் மறு கோடியிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி. "பத்து வருசமாக் கேக்காது. இவ பேசுனதுல மட்டும் ஒரு சொல்லு விடல."

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி பெரிய வாத்தியார் பக்கம் திரும்பி, பதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் எழுந்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதற்கு நான் எழுதி வரவில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே முடிவு சொன்னார்கள். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை தறி ஓடலாம். ஜன்னலை அடைக்க வேண்டும், சுவரோரத் தறியை நகர்த்த வேண்டும். தறிகளை எடுக்க வேண்டியதில்லை. எங்கள் முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது, ராஜபாளையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான். எனக்கு அவர்கள் மேல் கோபம் தீரவில்லை என்றாலும் அந்தக் கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. வெளியே வரும்போது பெரிய வாத்தியார் என்னை நிறுத்தினார்.

"பன்னிரண்டு நாளாகச் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன் அம்மா. நாளுக்கு நாள் நன்றாக வந்தது. அது போதாதென்று இன்றைக்கு நான் கேட்காததையும் பேசிவிட்டீர்கள்" என்றார்.

"ஒட்டுக் கேட்டது தப்பு சார்" என்றேன்.

"தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனுஷர்தான், இப்போது எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. தெருவில் யார் மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் போகிறோம், எங்கே போய்ப் பேச வேண்டும் என்றாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். இதுவரை தோற்றுத் திரும்பியதில்லை.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஆட்கள் எல்லோரும் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் வேண்டுமென்றே பின்தங்கினோம். அவர் பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், சத்தியத்தை மீறியது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. ஊரைக் கூட்டி வைத்து இவரைச் செவிடர் என்று சொல்லிவிட்டேனே என்று இருந்தது.

"கோவமா?" என்று கேட்டேன். சுற்றி ஹாரன் சத்தம், கண்டக்டர்கள் சத்தம். எனக்கே என் குரல் கேட்கவில்லை. பழைய வழக்கத்தில் மறுபடியும் அதையே உச்சக் குரலில் கேட்டேன்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, கத்தாத. காது கேக்காதுன்னு ஊருக்கே சொல்லியாச்சு, இனிமே கேட்ட மாதிரி நடிக்க வேண்டாம், எனக்கு அதுவே நிம்மதி. பத்து வருசம் ஒன் மூஞ்சியப் பாத்தே தலையாட்டியிருக்கேன். நீ என்ன சொன்னேன்னு பாதி எனக்குத் தெரியாது" என்றார். "அங்க பேசுனாப்புல வீட்டுலயும் பேசு. செத்த நேரம் ஒன்கூடப் பேசிக்கிட்டு இருக்கணும் போல இருக்கு."

நான் அவர் பக்கத்தில் நெருங்கி நின்று, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினோம்.